ரசிகர் விழாவுக்குத் தொண்டு செய்ய வந்தவர்கள் ஏன் திரும்பி வரவில்லை?

உங்கள் கேள்வியை நான் இவ்வாறு புரிந்துகொள்கிறேன். உதகையில் அக்டோபர் விடுமுறையை ஒட்டி, காமிக்ஸ், அனிமே (ஜப்பானிய அசைவூட்டப் படங்கள்), காஸ்பிளே (கதாபாத்திரங்களைப் போல் உடையணிவது) ரசிகர்களுக்கான இரண்டு நாள் விழா ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறீர்கள். சென்ற ஆண்டு 40 தன்னார்வலர்கள் வேலை செய்தார்கள். இந்த ஆண்டு அவர்களை மறுபடி அழைத்தபோது 11 பேர் மட்டுமே வருவதாகச் சொன்னார்கள். சான்றிதழ், டி-சர்ட், மதியச் சாப்பாடு, நிறைவு விழா மேடையில் நன்றியுரை என எல்லாமே கொடுத்திருந்தும் இப்படி ஆகிவிட்டதே, இன்னும் என்னதான் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆண்டும் டி-சர்ட் அடிக்கலாமா என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்தபோது, அந்த 29 பேரின் மனம் எந்த இடத்தில் விலகியது என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று எனக்குப் பட்டது. ஆகவே அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். டி-சர்ட்டைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

நான் குன்னூரில் வசிப்பவள். கல்லூரி ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலராக இருந்தேன். அந்தப் பொறுப்பிலிருந்து விலகிய பிறகும் 17 ஆண்டுகளாக நீலகிரியிலும் அவ்வப்போது கொடைக்கானலிலும் நடக்கும் காமிக்ஸ் வாசகர் சந்திப்புகள், மலை ரயில் ஆர்வலர் கூடுகைகள், பள்ளி அறிவியல் விழாக்கள் ஆகியவற்றுக்குத் தன்னார்வலர்களைச் சேர்த்துப் பணி பிரித்துக் கொடுத்து வருகிறேன். நான் கையாண்டவற்றில் மிகப் பெரியது 70 தன்னார்வலர்கள் வேலை செய்த நிகழ்ச்சி. பல்லாயிரம் பேர் திரளும் பெருநகர விழாவுக்கு நான் சொல்வதெல்லாம் அப்படியே பொருந்தும் என்று வாதிட மாட்டேன். உங்கள் விழாவின் அளவு நான் பழகிய அளவுதான் என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

ரசிகர் விழாவுக்குத் தொண்டு செய்ய வருகிறவர் மற்ற பொது நிகழ்ச்சிகளுக்கு வருகிறவரைப் போன்றவர் அல்லர். கண் சிகிச்சை முகாமில் உதவுகிற மாணவருக்கு அந்த முகாமில் தான் பார்த்து ரசிக்க வேண்டியது எதுவும் இருப்பதில்லை. உங்கள் விழாவில் வாசலில் நிற்கிற பையனோ உள்ளே நடப்பதைப் பார்ப்பதற்காகவே ஆண்டு முழுவதும் காத்திருந்தவன். அவன் தன் சொந்தத் திருநாளை விட்டுக்கொடுத்துவிட்டு அடுத்தவர் திருநாளுக்குப் பந்தல் கட்டுகிறான். உலகின் பழைய ரசிகர் அமைப்புகள் இதை நன்றாகவே உணர்ந்திருக்கின்றன. 1939இல் நியூயார்க்கில் தொடங்கிய உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் வருகிறவர்களை நுழைவுச்சீட்டு வாங்கிய பார்வையாளர்களாகக் கருதுவதில்லை, அவர்கள் உறுப்பினர்கள். நடத்துகிறவர்களும் அதே உறுப்பினர் கட்டணத்தைச் செலுத்துவதே அங்கே வழக்கம். 1975 டிசம்பரில் டோக்கியோவில் 32 குழுக்களும் சுமார் 700 பேரும் கூடித் தொடங்கிய, ரசிகர்கள் தாங்களே வெளியிடும் காமிக்ஸ் இதழ்களை விற்கும் காமிக்கெட் சந்தையில், விற்பவர், வாங்க வருபவர், தன்னார்வப் பணியாளர் ஆகிய மூவரையும் பங்கேற்பாளர் என்ற ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். அங்கே வாடிக்கையாளர் என்று ஒருவர் இல்லை என்பது அவர்களுடைய அடிப்படைக் கொள்கை. இந்த எண்ணம் உங்கள் குழுவுக்குள் ஊறிவிட்டால் நான் கீழே எழுதுகிறவற்றில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எனவே முதல் வேலை, பணிப்பட்டியல் எழுதும் முறையை மாற்றுவது. பெரும்பாலான குழுக்கள் முதலில் வேலைகளை எழுதி, பிறகு ஆட்களை அந்தக் கட்டங்களுக்குள் நிரப்புகின்றன. நான் பல ஆண்டுகளாக இதைத் தலைகீழாகச் செய்கிறேன். நிகழ்ச்சி நிரல் முடிவானதும், வருவதாகச் சொன்ன ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இந்த இரண்டு நாளில் நீங்கள் எதைத் தவறவிட்டால் மனம் வருந்துவீர்கள்? ஒருவர் ஓவியருடனான உரையாடலைச் சொல்வார். ஒருவர் காஸ்பிளே போட்டியைச் சொல்வார். 1972இல் முத்து காமிக்ஸ் என்ற தமிழ்ச் சித்திரக்கதை இதழ் தொடங்கிய காலத்திலிருந்தே படித்து வருகிற ஒரு பெரியவர், பழைய இதழ்கள் விற்கும் மேசையில் முதல் அரைமணி நேரம் மட்டும் தனக்கு வேண்டும் என்றார். அந்த நேரங்களை முதலில் பட்டியலில் எழுதி மூடிவிடுவேன். அந்தக் கட்டத்தில் அவரை யாரும் வேலைக்கு அழைக்கக்கூடாது, நான் உட்பட. மிச்சமிருக்கும் நேரத்தில்தான் வேலைகளைப் பிரிப்பேன். 40 பேருக்கு இப்படிச் செய்ய இரண்டு மாலைகள் பிடிக்கும். போட்டி நேரத்தில் மட்டும் ஆள் பற்றாக்குறை வரும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ரசிகர் அல்லாத பெற்றோர், அண்டை வீட்டார் ஆகியோரை வேண்டிக்கொண்டு நிறுத்துவேன். கதவு திறப்பதற்கு முன் கால் மணி நேரம் ஸ்டால்களைத் தன்னார்வலர்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள் என்று கடைக்காரர்களிடம் கேட்டால், நான் கேட்ட எவரும் மறுத்ததில்லை.

அடுத்து நான் எழுதப்போவது என்னுடைய தவறு. மலை ரயில் ஆர்வலர் கூடுகை ஒன்றுக்கு வந்துகொண்டிருந்த விருந்தினரை வரவேற்க, இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியை உதகை ரயில் நிலையத்துக்கு அனுப்பினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர்தான் என்றாலும், பற்சக்கரப் பாதையில் ஏறி வருகிற அந்த வண்டிக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்; தாமதமானால் இன்னும் கூடும். விருந்தினர் குன்னூரிலேயே இறங்கிக் காரில் அரங்கத்துக்கு வந்துவிட்டார். அவர் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன், வணக்கம் சொன்னேன், மேடைக்கு அழைத்துப்போனேன். நிலையத்தில் ஒரு பெண் பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு மழைச்சாரலில் நிற்கிறாள் என்பது இரண்டு மணி நேரம் என் நினைவுக்கே வரவில்லை. அவள் திரும்பி வந்தபோது சாப்பாடும் தீர்ந்திருந்தது. அவள் கோபப்படவில்லை, மாலை வரை வேலை செய்துவிட்டுப் போனாள். மறு ஆண்டு அழைத்தபோது தேர்வு இருக்கிறது என்றாள். அதற்கும் அடுத்த ஆண்டு நான் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டபோதுதான் சொன்னாள்: “மழையில நின்னதுகூடப் பரவாயில்ல மேடம். நான் அங்க நிக்கிறேன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லையேன்னுதான் இருந்துச்சு.” தன்னார்வலர் மனம் விலகுவதைப் பற்றி நான் கற்றதில் மிக உறுதியானது இதுதான். களைப்பும் குளிரும் எவரையும் விரட்டுவதில்லை. தன்னை மறந்துவிட்டார்கள் என்ற எண்ணம் விரட்டிவிடுகிறது.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு ஆறு முதல் எட்டுத் தன்னார்வலர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் பொறுப்பாளர்களை நியமிக்கிறேன். அவர்களுக்கு வேறு எந்த வேலையும் கொடுப்பதில்லை. மேடையைக் கவனிப்பது, விருந்தினரைக் கவனிப்பது, கணக்குப் பார்ப்பது எதுவும் அவர்கள் தலையில் ஏறக்கூடாது. மணிக்கொரு முறை தன் ஆட்கள் நிற்கும் இடத்துக்கெல்லாம் நடந்து போய், முகம் பார்த்துப் பேசி, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, கழிவறைக்குப் போக வேண்டுமானால் அந்த ஐந்து நிமிடம் தானே அந்த இடத்தில் நிற்பதுதான் அவர்களுடைய பணி. வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் நலமா என்று ஒரு செய்தி போடுவது இதற்கு ஈடாகாது. கூட்டம் நெருக்குகிற நேரத்தில் வாசலில் நிற்பவர் கைப்பேசியை எடுத்துப் பார்க்கவே முடியாது. ஐந்து பேரை வேலையிலிருந்து எடுத்துச் சும்மா நடக்க விடுவதா என்று உங்கள் குழுவில் எதிர்ப்பு வரலாம். எனக்கும் வந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊர்க் கல்யாணங்களில் பந்தி பரிமாறுகிறவர்கள் கடைசியில் உட்காருவார்கள். ஆனால் நல்ல வீடுகளில் அந்தக் கடைசிப் பந்திக்கென்று சோறும் பாயசமும் தனியே எடுத்து வைத்திருப்பார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் நின்று அவர்களுக்குப் பரிமாறுவார். நாம் அந்தப் பழக்கத்தில் கடைசி என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, எடுத்து வைப்பதை விட்டுவிட்டோம். சென்ற ஆண்டு மதியச் சாப்பாடு கொடுத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்கு, எங்கே உட்கார வைத்து, என்ன சூட்டில் என்பதை எழுதவில்லை. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்டோபர் மழையில் காலை பதினொரு மணிக்குக் கட்டிய தயிர்சாதப் பொட்டலத்தை மூன்று மணிக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து பிரித்தால் அது கல்லைப்போல் இருக்கும். விருந்தினர் அறையில் அதே நேரத்தில் ஆவி பறக்கும் சாப்பாடு போவதையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். அதிகச் செலவு தேவையில்லை: சுடுசோறு, ரசம், ஒரு பொரியல், அப்பளம் போதும், மாலையில் டீயும் வர்க்கியும் போதும். ஆனால் அவை சூடாக இருக்க வேண்டும், உட்கார நாற்காலி இருக்க வேண்டும், ஒவ்வொருவர் சாப்பிடும் நேரமும் பட்டியலில் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருக்க வேண்டும், குழுத் தலைவர்களும் விருந்தினர்களும் அதே உணவைச் சாப்பிட வேண்டும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை ஒவ்வொரு தளத்திலும் வைத்து, வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே தெரிவியுங்கள்.

நிற்பதும் அப்படித்தான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. நாள் முழுவதும் நின்றே வேலை செய்த பெண்களின் கால்வலிதான் அந்தத் திருத்தத்துக்குப் பின்னால் இருக்கிறது. உங்கள் தன்னார்வலர்கள் கடை ஊழியர்கள் அல்லர், சட்டம் உங்களைக் கட்டாது; ஆனால் கால் எல்லாருக்கும் ஒன்றுதான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நாற்காலி, ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் இடமாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் வருகிற பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு வந்து இறங்குவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும்போது சுமார் 1,900 மீட்டர் உயரம் கூடுகிறது என்பது அவர்களுக்கு மாலை நான்கு மணிக்குத்தான் உறைக்கும். ஸ்வெட்டர், குடை, மழைக்கோட்டு ஆகியவற்றைப் பற்றி முதல் செய்தியிலேயே சொல்லுங்கள். உள்ளூர் வீடுகளிலிருந்து பத்து ஸ்வெட்டர்களை இரவல் வாங்கி ஒரு பெட்டியில் வைத்திருங்கள். சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் நீலகிரிக்குள் வர 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிற இ-பாஸைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதை நினைவூட்டி, பதிவு செய்யத் தெரியாதவர்களுக்கு நீங்களே செய்து கொடுங்கள். உதவ வந்தவரைச் சோதனைச் சாவடியில் நிற்க வைப்பது நல்ல தொடக்கம் ஆகாது.

வீடு திரும்புவதுதான் மலையில் எல்லாவற்றையும்விடப் பெரிது. நகரத்தில் இரவு ஒன்பது மணிக்கு நிகழ்ச்சி முடிந்தால் ஏதாவது வண்டி கிடைக்கும். இங்கே கோத்தகிரிப் பக்கத்து ஊர்களுக்கும் மஞ்சூருக்கும் போகிற கடைசிப் பேருந்து போய்விட்டால் அவ்வளவுதான். அதற்கு மேல் யானையும் காட்டெருமையும் நடமாடும் பாதையில் ஒரு பெண் பிள்ளையை எப்படி அனுப்புவீர்கள்? பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஊர், கடைசிப் பேருந்து நேரம், வீட்டுத் தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். கடைசிப் பேருந்துக்கு 45 நிமிடம் முன்னதாக அவரைப் பணியிலிருந்து விடுவியுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள், ஏனென்றால் அவர் கேட்க மாட்டார். நாற்காலி அடுக்குவதும் மேடையைப் பிரிப்பதும் உதகைக்குள்ளேயே வீடு உள்ளவர்களின் வேலையாக இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிகழ்ச்சி வைப்பவர்கள் 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பகுதிகளில் நடந்த நிலச்சரிவுகளை மறக்கக்கூடாது. மழை வலுத்தால், நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தாலும் வெளியூர்த் தன்னார்வலர்களை முதலில் அனுப்பிவிடுவது என்பதை விழாவுக்கு முன்பே குழுவில் முடிவு செய்து எழுதி வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் விவாதித்தால் மேடைதான் வெல்லும்.

இதுவரை எழுதியது உடம்பைப் பற்றியது. இதைவிட ஆழமாகக் காயப்படுத்துவது சொல்லின் மதிப்பு பறிபோவது. போட்டியாளர் உடை மாற்றும் அறைக்குள் அடையாள அட்டை இல்லாமல் யாரையும் விடக்கூடாது என்று 19 வயது இளைஞர் ஒருவரிடம் சொல்லி நிறுத்துகிறீர்கள். அவர் காலை முழுவதும் திட்டு வாங்கிக்கொண்டு அந்த விதியைக் காப்பாற்றுகிறார். மதியம் நன்கொடையாளர் ஒருவர் குடும்பத்தோடு வருகிறார். இளைஞர் பணிவாகத் தடுக்கிறார். எங்கிருந்தோ ஓடி வந்த குழுத் தலைவர் “விடுப்பா, நம்ம ஆளுதான்” என்று சொல்லி அவர்களை உள்ளே அழைத்துப் போய்விடுகிறார். தலைவருக்கு அது அரை நிமிட வேலை. அந்த இளைஞருக்கோ, தான் காலையிலிருந்து தடுத்து நிறுத்திய நூறு பேரிடமும் தான் பொய் சொன்னதாக ஆகிவிடுகிறது. வரிசையில் நிற்பவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். இனி அவர் சொல்லை ஒருவரும் கேட்கப்போவதில்லை. மாலையில் அவர் கழுத்தில் பொன்னாடை போர்த்தினாலும் அது திரும்பாது. நான் பார்த்த அளவில், நல்ல தன்னார்வலர்களை ஒரே கணத்தில் இழக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

இதைத் தவிர்க்க நான் கடைப்பிடிப்பவை சில உண்டு. நாங்களே காப்பாற்றத் தயாராக இல்லாத விதியை எழுதுவதில்லை. ஐந்து விதிகள் போதும் என்றால் ஆறாவதை அடித்துவிடுவோம். யாருக்கு விலக்கு என்பதை முந்தின நாளே முடிவு செய்து, பெயர்களை எழுதி, வாசலில் நிற்பவர் கையிலேயே கொடுத்துவிடுவோம். எதிர்பாராமல் விலக்கு அளிக்க நேர்ந்தால், தலைவர் முதலில் தன்னார்வலரைத் தனியே அழைத்துக் காரணம் சொல்ல வேண்டும். அதன்பின் அந்தத் தன்னார்வலரே விருந்தினரை உள்ளே அனுப்ப வேண்டும். தன்னார்வலர் தவறாகத் தடுத்துவிட்டிருந்தாலும், எல்லார் முன்னிலையிலும் “அவர் நாங்கள் சொன்னபடிதான் செய்தார், தவறு எங்களுடையது” என்று சொல்லிவிட்டு, திருத்த வேண்டியதைப் பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம். அத்துடன், காஸ்பிளே உடை அணிந்தவரை அனுமதியின்றிப் படம் எடுப்பவர், தொட்டுப் பேசுபவர், தன்னார்வலரிடமே தகாத முறையில் நடப்பவர் என்று சிலர் எந்த விழாவிலும் வந்து சேர்வார்கள். அவர்களை எதிர்கொள்ளும் சுமையை இளையவர் தோளில் ஏற்றாதீர்கள். அழைத்த ஐந்து நிமிடத்துக்குள் வந்து நிற்கக்கூடிய இரண்டு மூத்தவர்களின் எண்கள், அவர்களில் ஒருவராவது பெண், ஒவ்வொரு அடையாள அட்டையின் பின்புறமும் அச்சாகியிருக்கட்டும். ஒரு பெண் தன்னார்வலர் புகார் சொன்னால் விழாவின் நற்பெயரைப் பற்றிய பேச்சை அந்த அறைக்குள் கொண்டுவரக் கூடாது.

அழைக்கும் முறையும் இதனோடு சேர்ந்ததே. ‘ஏய் வாலண்டியர்’ என்று கூப்பிடப்பட்டதை ஆண்டுக்கணக்காக நினைவில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். கீழே கோவைப் பக்கம் சிறு பிள்ளைகளையும் ‘வாங்க, போங்க’ என்று பேசும் வழக்கம் இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் பெயரைப் பெரிதாகத் தமிழில் அச்சிட்டு, பணியின் பெயரைக் கீழே சிறியதாகப் போடுங்கள். பிறகு, அவர்களுடைய நாள்காட்டியையும் மதியுங்கள். ஆண்டு இறுதியை ஒட்டி ஆயத்தக் கூட்டங்கள் வைத்த ஒரு குழு, நீலகிரியின் படுகர் இன மக்கள் வாழும் ஊர்களில் ஹெத்தையம்மன் திருவிழா நடக்கும் நாளிலேயே கூட்டத்தை வைத்துவிட்டு, பாதிப் பேர் வரவில்லை, பொறுப்பில்லை என்று குறைப்பட்டுக்கொண்டது. மாவட்டமே உள்ளூர் விடுமுறை விடுகிற நாள் அது. பொறுப்பு யாரிடம் இல்லை என்பதை அந்தக் குழுவுக்கு விளக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

பணம் கொடுக்கலாமா என்ற கேள்வியில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்கிறேன். கைக்காசு செலவழிக்க வைக்கக்கூடாது என்பது உறுதி. பேருந்துக் கட்டணம், அச்சுப்படி எடுத்த செலவு, விருந்தினரை ஆட்டோவில் அழைத்து வந்த செலவு ஆகியவற்றை அன்றைய மாலையே ரசீது கேட்டு நச்சரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாணவர்களுக்கு 150 ரூபாய் பெரிய தொகை, அதை நினைவுபடுத்திக் கேட்க அவர்கள் கூச்சப்படுவார்கள். இதற்கு மேல் சன்மானம் என்று சிறு தொகை கொடுப்பது நல்லதா என்பது ஐயத்துக்குரியது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற பொருளியல் ஆய்வாளர்கள் இஸ்ரேலில் வீடு வீடாகச் சென்று அறப்பணிக்கு நன்கொடை திரட்டிய மாணவர்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குப் பணம் இல்லை, ஒரு பிரிவுக்குத் திரட்டிய தொகையில் ஒரு விழுக்காட்டுக்குச் சமமான பணம், மற்றொன்றுக்குப் பத்து விழுக்காடு. பணமே பெறாதவர்கள்தான் அதிகம் திரட்டினார்கள். ஒரு விழுக்காடு பெற்றவர்கள் எல்லாரையும்விடக் குறைவாகத் திரட்டினார்கள். சிறு கூலி, அன்பாகச் செய்த வேலையைக் கூலி வேலையாக்கி, கூலியாகவும் அது போதாமல் போய்விடுகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். என் அனுபவமும் பெரும்பாலும் இதையே சொல்கிறது. ஆனால் வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்கவேண்டிய நிலையில் இருக்கும் பிள்ளை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கும்போது இந்த ஆய்வைக் காட்டிப் பேசுவது நேர்மை ஆகாது. அப்படிப்பட்டவர்களை ஒலி, மின்சாரம், துப்புரவு போன்ற சம்பள வேலைகளில் முழுக் கூலிக்கு அமர்த்திக்கொள்வதே முறை. நுழைவுச்சீட்டுப் பணத்தின் மிச்சம் தனி ஒருவரின் பைக்குப் போகிறது என்றால், அங்கே தன்னார்வலர் என்ற பேச்சே எழக்கூடாது என்பது என் கருத்து. உங்கள் விழா அப்படியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வரவு செலவுக் கணக்கை முதலில் தன்னார்வலர்களுக்குக் காட்டுங்கள். தங்கள் உழைப்பு எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு.

சான்றிதழ் வீணா என்றால், இல்லை. வெறும் சான்றிதழ்தான் வீண். எல்லாருக்கும் ஒரே வாசகம், பெயர் எழுதும் இடத்தில் மட்டும் கோடு என்று அச்சடித்ததை யாரும் பாதுகாத்து வைப்பதில்லை. 1969 முதல் நடக்கிற நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. அலுவலராக இருந்தபோது நான் பார்த்தது, என்ன வேலை, எத்தனை மணி நேரம், யாருடைய மேற்பார்வையில் என்று தெளிவாக எழுதப்பட்ட கடிதம் அந்த மாணவருக்குப் பின்னாளிலும் உதவியது. உங்கள் விழா நேரத்தைத் திட்டக் கணக்கில் சேர்ப்பது அந்தந்தக் கல்லூரியின் முடிவு. அதை முன்னதாகவே கேட்டுவிட்டு, கிடைக்கும் என்றால் மட்டும் சொல்லுங்கள். கூடவே, அந்த ஒருவர் மட்டுமே செய்த ஒரு காரியத்தைக் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்: வழி தவறிய குழந்தையைத் தாயிடம் சேர்த்தது, மின்சாரம் போனபோது கைவிளக்கோடு படிக்கட்டில் நின்றது. அதை எழுத வேண்டுமானால் யாராவது அதைப் பார்த்திருக்க வேண்டும். மேலே சொன்ன சுற்றிவரும் பொறுப்பாளர்களின் குறிப்பேடு இங்கேதான் பயன்படும்.

மேலும், எல்லாரும் ஒரே காரணத்துக்காக வருவதில்லை. 1998இல் வெளியான ஒரு புகழ்பெற்ற உளவியல் ஆய்வு தன்னார்வலர்களின் நோக்கங்களை ஆறாக வகுத்தது: கொள்கைப் பற்று, புதியதைக் கற்பது, நட்பு வட்டம், தொழில் முன்னேற்றம், தன் மனச்சுமையை மறப்பது, தன்னைப் பற்றிய நல்லெண்ணம் வளர்வது. இந்த ஆறும் நம் ஊருக்கு அப்படியே ஒட்டுமா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் கூச்சமுள்ள பிள்ளை ஒருவர் மனிதர்களோடு பழக வேண்டும் என்றே வந்திருக்க, அவரைத் தனியறையில் உறை ஒட்ட வைப்பது தவறு என்பதைக் கண்டுபிடிக்க இந்த அளவு வகை பிரித்துப் பார்த்தாலே போதும். எதற்காக வருகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வையுங்கள். வருகிற பதிலைப் படித்துவிட்டுப் பணி கொடுங்கள்.

இப்போது அந்த 29 பேர். அவர்கள் அனைவரும் மனம் நொந்துதான் விலகினார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிலருக்குப் படிப்பு முடிந்திருக்கும், சிலர் வேலைக்காகத் திருப்பூருக்கோ சென்னைக்கோ இறங்கியிருப்பார்கள். மலையிலிருந்து இளைஞர்கள் இறங்குவது உங்கள் விழாவால் அல்ல. ஆனால் கேட்காமல் பிரித்தறிய முடியாது. கூகுள் படிவம் அனுப்பாதீர்கள். குழுவில் சென்ற ஆண்டு யாரையும் அதட்டாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைக்கச் சொல்லுங்கள். அந்த அழைப்பில் இந்த ஆண்டு வருகிறீர்களா என்று கேட்கவே கூடாது. கேட்டால் பேச்சு முழுவதும் வேலை வாங்குவதற்கான முன்னுரையாகிவிடும். சென்ற ஆண்டு எது உங்களுக்குச் சரியாக இல்லை என்று மட்டும் கேட்டு, சொல்வதை மறுக்காமல் எழுதிக்கொண்டு, மன்னிப்புக் கேட்கவேண்டியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட வேண்டும். அதில் வந்த குறைகளில் எவற்றைத் திருத்தினீர்கள் என்பதை ஒரு மாதம் கழித்து அவர்களுக்கே எழுதித் தெரிவியுங்கள். அந்தக் கடிதத்துக்குப் பிறகு சிலர் தாமாகவே அழைப்பார்கள். எத்தனை பேர் என்று என்னால் கணிக்க முடியாது.

வருவதாகச் சொன்ன 11 பேரைப் பற்றியும் கவனம் வேண்டும். 40 பேர் செய்த வேலையை அவர்கள் தலையில் கட்டினால் அடுத்த ஆண்டு அவர்களும் இருக்க மாட்டார்கள். ஆள் குறைந்தால் விழாவைக் குறையுங்கள்: இரண்டு மேடைக்குப் பதில் ஒன்று, இரவு நிகழ்ச்சி வேண்டாம், ஸ்டால்களில் கால் பங்கைக் கழியுங்கள். அந்த 11 பேரையும் அழைத்து, எதைக் குறைக்கலாம் என்பதை அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள். வாசலில் நின்றவர்களுக்கு எந்த வாசல் தேவையில்லை என்பது குழுவில் இருப்பவர்களைவிட நன்றாகத் தெரியும்.

டி-சர்ட்டுக்கு வருகிறேன். அடிக்கலாம், ஆனால் அக்டோபர் குளிரில் அது ஸ்வெட்டருக்குள் மறைந்துவிடும் என்பதைச் சென்ற ஆண்டே பார்த்திருப்பீர்கள். கூட்டத்தில் தன்னார்வலர் யார் என்று அடையாளம் தெரியாமல் போயிருக்கும். அதே செலவில் ஸ்வெட்டருக்கு மேல் போட்டுக்கொள்ளக்கூடிய கையில்லாத மேலங்கி தைக்க முடியும். முன்பக்கம் ஒரு பை இருந்தால் கைப்பேசியும் பேனாவும் வைக்கலாம். அளவை ஒவ்வொருவரிடமும் கேட்டு, கொஞ்சம் பெரிதாகவே தைக்கச் சொல்லுங்கள். விழாவன்று காலை அவசரத்தில் பெட்டியிலிருந்து எடுத்து வீசாமல், ஒரு வாரம் முன்பு ஆயத்தக் கூட்டத்தில் பணிப்பட்டியலோடு சேர்த்து அவரவர் கையில் கொடுங்கள். அளவு பொருந்தாதவர்களுக்கு மாற்றித் தைக்க அப்போதுதான் நேரம் இருக்கும்.